பழி ஓரிடம்: வாகன பேட்டரியைச் சோதித்தலும் தேர்ந்தெடுத்தலும்

காரின் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுழலாமல் ‘டக்’ என்ற ஒலி மட்டும் எழுந்தால், பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்குவதே பரவலான வழக்கமாக இருக்கிறது. ஆனால் ‘பேட்டரி டவுன்’ என்பது ஓர் அறிகுறி மட்டுமே. அதற்குப் பேட்டரியின் முதுமை காரணமாக இருக்கலாம், பேட்டரிக்கு மின்னேற்ற வேண்டிய ஆல்டர்னேட்டரின் பழுது காரணமாக இருக்கலாம், வண்டி நிற்கும் நேரத்தில் ஏதோ ஒரு கருவி மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம், அல்லது டெர்மினலோ எர்த் ஒயரோ தளர்ந்திருக்கலாம். இந்த நான்கில் எது காரணமானாலும் புதிய பேட்டரி பொருத்தியதும் வண்டி பெரும்பாலும் கிளம்பிவிடும் என்பதுதான் சிக்கலின் வேர். மின்னேற்றம் பழுதாகியிருந்தால் புதிய பேட்டரியும் சில நாட்களில் தீர்ந்துபோகும். டெர்மினல் பூத்திருந்ததே காரணம் என்றால், பேட்டரியை மாற்றும்போது தேய்த்துத் துடைத்துத் துப்புரவாக்கிய வேலையே வண்டியை மீட்டிருக்கும், பாராட்டு மட்டும் புதிய பேட்டரிக்குப் போயிருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றைக் கொண்டு இந்த நான்கு காரணங்களையும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தறிய முடியும் என்பதையும், அப்படிப் பிரித்தறிந்த பின்னரே புதிய பேட்டரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது.

காரீயமும் அமிலமும்

வாகனங்களில் இன்றும் பெரும்பான்மையாகப் பயன்படும் காரீய அமில பேட்டரியை 1859இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். 1881இல் கமில் ஃபோர் காரீயச் சேர்மத்தைப் பசையாகக் குழைத்துத் தகடுகளில் பூசும் முறையைக் கொண்டுவந்தபின் அது தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத்தக்க பொருளாயிற்று. தொடக்கக் காலக் கார்களில் எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் தொடக்க மோட்டார் 1912ஆம் ஆண்டுக்கான கேடிலாக் கார்களில் இடம்பெற்றபின், பேட்டரி என்பது விளக்கெரிக்கும் துணைப்பொருள் என்ற நிலையிலிருந்து வண்டி கிளம்புவதற்கே இன்றியமையாத உறுப்பாக மாறியது.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்று அழைக்கப்படுவது உண்மையில் ஆறு மின்கலங்களைத் தொடராக இணைத்த அடுக்கு. ஒவ்வொரு கலத்திலும் நேர்மின் தகட்டில் காரீய டைஆக்சைடும், எதிர்மின் தகட்டில் நுண்துளைகள் நிறைந்த தூய காரீயமும், இரண்டுக்கும் இடையே நீர்த்த கந்தக அமிலமும் இருக்கின்றன. மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளின் பரப்பும் காரீய சல்ஃபேட்டாக மாறுகிறது, அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது; மின்னேற்றும்போது இதே வினை எதிர்த்திசையில் நடந்து அமிலம் மீண்டும் செறிவடைகிறது. பேட்டரியில் மீதமுள்ள மின்னேற்றத்தை அமிலத்தின் அடர்த்தியைக் கொண்டே கணிக்க முடிவது இதனால்தான்.

தொடக்க பேட்டரியின் பணி ஒருவகையில் விந்தையானது. சிறிய பெட்ரோல் கார் ஒன்றின் செல்ஃப் மோட்டார் எனப்படும் தொடக்க மோட்டார் 150 ஆம்பியர் மின்னோட்டத்தை மூன்று விநாடிகள் இழுப்பதாகக் கொண்டால், செலவாகும் மின்னேற்றம் 0.125 ஆம்பியர் மணி மட்டுமே. ஆம்பியர் மணி என்பது ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்வதைக் குறிக்கும் கொள்ளளவு அலகு. 45 ஆம்பியர் மணி கொண்ட பேட்டரியில் இந்தச் செலவு முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே எஞ்சினைக் கிளப்புவதற்குப் பேட்டரியிடம் நிறைய மின்னேற்றம் இருப்பதைவிட, இருப்பதைச் சட்டென்று பெருமளவில் அள்ளித்தரும் திறன் இருப்பதே முக்கியம். இத்திறனுக்காகவே தொடக்க பேட்டரிகளில் தகடுகள் மெல்லியனவாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் அமைக்கப்படுகின்றன. வீட்டு இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரியின் தகடுகளோ, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல மின்சாரம் தருவதற்காகத் தடித்தவையாக இருக்கின்றன. ஒன்றின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுத்தால் இரண்டுமே கெடும்.

பேட்டரி எப்படி முதுமையடைகிறது

மின்னேற்றம் குறைந்த நிலையிலேயே பேட்டரி பல நாட்கள் கிடந்தால், தகடுகளின் மீதுள்ள நுண்ணிய காரீய சல்ஃபேட் துகள்கள் ஒன்றுகூடிக் கரடுமுரடான படிகங்களாக வளர்ந்து, மறுபடி மின்னேற்றினாலும் கரையாத நிலையை அடைகின்றன. இதற்குச் சல்ஃபேட்டேறுதல் என்று பெயர். மின்னேற்றம் மிகையானாலோ, வேறொரு வகைச் சேதம் நேர்கிறது: நேர்மின் தகட்டின் காரீயச் சட்டகம் அரிக்கப்படுகிறது, பூச்சு உதிர்ந்து அடியில் வண்டலாகப் படிகிறது, நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது.

வேதிவினைகளின் வேகம் வெப்பநிலையோடு சேர்ந்து உயர்வதால், வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. குளிர்நாடுகளில் பேட்டரி பனிக்காலக் காலைப்பொழுதில் கைவிடுகிறது என்றாலும், அதற்கான சேதத்தின் பெரும்பகுதி முந்தைய கோடையிலேயே நேர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் அக்னி நட்சத்திர நாட்களில் வெட்டவெளியில் நிற்கும் காரின் பானெட்டுக்குள், சூடான எஞ்சினுக்கு அருகிலேயே அமர்ந்திருக்கும் பேட்டரி எத்தகைய வெப்பத்தைத் தாங்குகிறது என்பதை எண்ணினால், ஒரே தயாரிப்பு குளிர்ந்த ஊரில் நீடிக்கும் காலம் இங்கு நீடிக்காததன் காரணம் விளங்கும்.

முதல் அளவு: ஓய்வில் உள்ள மின்னழுத்தம்

வண்டியை ஓட்டி நிறுத்தியவுடன் அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் மின்னேற்றம் உண்மைக்கு மேலான மதிப்பைக் காட்டும் என்பதால், குறைந்தது சில மணி நேரம், இயன்றால் ஓர் இரவு முழுவதும், வண்டியை ஓய்வில் விட்டபின் பேட்டரியின் இரு டெர்மினல்களுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஏறத்தாழ 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.4 வோல்ட் முக்கால் பங்கையும், 12.2 வோல்ட் பாதியையும், 12 வோல்ட் கால் பங்கையும் குறிக்கின்றன, 11.8 வோல்ட்டும் அதற்குக் கீழும் வெறுமையான நிலை. ‘பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் இருக்கிறதே’ என்று அமைதியடைவது, முக்கால் பங்கு தீர்ந்த பேட்டரியை நல்லதென்று கொள்வதாகும்.

மூடி திறக்கத்தக்க பேட்டரிகளில், திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் கொண்டு ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே சோதிக்கலாம். நிறைந்த நிலையில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.265 முதல் 1.280 வரையிலும், பாதி நிலையில் 1.190 அளவிலும் இருக்கும், ஒப்படர்த்தியோடு 0.84ஐக் கூட்டினால் அந்தக் கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். வெப்ப நாடுகளுக்கென்று செய்யப்படும் சில பேட்டரிகளில் அரிப்பைக் குறைப்பதற்காக அமிலச் செறிவைச் சற்றுக் குறைத்தே வைப்பதால், எண்ணை மட்டும் பார்க்காமல் ஆறு கலங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதே சிறந்தது. ஐந்து கலங்கள் ஒத்திருக்க ஒன்று மட்டும் 0.050 அளவுக்குத் தாழ்ந்திருந்தால், அந்தக் கலம் உட்புறமாகக் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். தொடரிணைப்பில் ஒரு கலம் கெட்டால் முழு பேட்டரியும் பயனற்றதாகிறது.

ஓய்வு மின்னழுத்தம் குறைவாக இருப்பது பேட்டரி கெட்டதற்குச் சான்றாகாது. அது வெறுமையாக இருக்கிறது என்பதையே காட்டுகிறது. ஆகவே அடுத்த சோதனைக்கு முன் அதை வெளிச் சார்ஜரில் முழுமையாக மின்னேற்றிவிட வேண்டும்.

இரண்டாம் அளவு: சுமையின் கீழ்

நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டியின் குழாய் உப்புப் படிந்து அடைபட்டிருந்தால் நீர் சொட்டுவது போல, முதுமையடைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினாலும் செல்ஃப் மோட்டார் இழுக்கும்போது தளர்ந்துவிடுகிறது. தகடுகளின் அரிப்பும் சல்ஃபேட்டும் பேட்டரியின் உள்ளேயே மின்னோட்டத்துக்கு ஏற்படுத்தும் தடைக்கு அகத்தடை என்று பெயர். முதுமை என்பது பெரும்பாலும் இந்த அகத்தடையின் உயர்வே. அதை அறிய, உதவியாளர் ஒருவர் எஞ்சினைக் கிளப்பும்போது மல்டிமீட்டரைப் பேட்டரி டெர்மினல்களில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறைவாக மின்னேற்றப்பட்ட நல்ல பேட்டரியில் இந்த மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. இறங்கினால், செல்ஃப் மோட்டார் இறுகி அளவுக்கு மீறி இழுக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டபின், பேட்டரியை மாற்றலாம்.

கடைகளில் பயன்படும் மின்னணுச் சோதனைக் கருவி, பெரிய மின்னோட்டம் எதையும் இழுக்காமல் பேட்டரியின் மின்கடத்து திறனை அளந்து, அதிலிருந்து தொடக்கத் திறனைக் கணிக்கிறது. பேட்டரியின் மேல் அச்சிடப்பட்டுள்ள மதிப்பையும், அது எந்தத் தரமுறையில் கூறப்பட்டது என்பதையும் கருவியில் சரியாக உள்ளிட்டால்தான் அதன் தீர்ப்பு நம்பத்தக்கது. அமெரிக்க முறையில் கூறப்பட்ட எண்ணை ஜெர்மானிய முறையில் உள்ளிட்டால் கருவி சொல்லும் தீர்ப்பு தவறிவிடும்.

மூன்றாம் அளவு: இணைப்புகள்

சுமையின் கீழ் பேட்டரி 10.5 வோல்ட்டில் நிலைத்து நிற்கும்போதும் செல்ஃப் மோட்டார் மந்தமாகச் சுழன்றால், இடையிலுள்ள கேபிள்களில் மின்னழுத்தம் வீணாகிறது என்று பொருள். 150 ஆம்பியர் பாயும் பாதையில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குத் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் இழப்பாகிவிடும். இதை அளக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனைமீதும் மறுமுனையை எஞ்சினின் உலோகப் பகுதியிலும் வைத்து, எஞ்சினைக் கிளப்பிப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் கோளாறு இருக்கிறது. நேர்மின் பக்கத்தையும் செல்ஃப் மோட்டார் வரை இவ்வாறே சோதிக்கலாம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பூத்திருக்கும் பொடியைச் சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கியபின் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் போதும். கழற்றும்போது எதிர்மின் முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். எதிர்மின் பக்கம் இணைந்திருக்கையில் நேர்மின் முனையைத் திருகும் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டால் குறுக்குச்சுற்று உண்டாகி, தீப்பொறி பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜனைப் பற்றவைக்கக்கூடும்.

நான்காம் அளவு: மின்னேற்றம்

பழைய வண்டிகளில் நேர்மின்னோட்ட டைனமோவே மின்னேற்றியது. 1960களில் அதன் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தது. எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்து சுழலும் ஆல்டர்னேட்டர் மூன்று கட்ட மாறுமின்னோட்டத்தை உண்டாக்குகிறது. ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டையோடுகள் அதை நேர்மின்னோட்டமாக்குகின்றன. ரெகுலேட்டர் என்ற உறுப்பு, சுழலும் காந்தச் சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் மின்னழுத்தத்தை வரம்புக்குள் வைக்கிறது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினல்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது இயல்பு. முகப்பு விளக்கு, ஏசி காற்றாடி ஆகியவற்றைப் போட்டு எஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டினாலும் அது 13.5 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. எஞ்சின் ஓடியும் 12.5 வோல்ட்டிலேயே நின்றால் மின்னேற்றம் நடக்கவில்லை. தளர்ந்து வழுக்கும் பெல்ட், தேய்ந்த கார்பன் பிரஷ், கெட்ட ரெகுலேட்டர் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கும். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது. அப்போது பல்புகள் அடிக்கடி பீஸாகும், டிஸ்டில்டு வாட்டர் விரைவில் வற்றும், அழுகிய முட்டை நாற்றம் எழும். மல்டிமீட்டரை மாறுமின்னழுத்த அளவுக்கு மாற்றி அதே டெர்மினல்களில் வைக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காகக் கணினியே ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தை 12.5 முதல் 15 வோல்ட் வரை ஏற்றி இறக்குவதால், அவற்றில் ஒரே ஓர் அளவைக் கொண்டு தீர்ப்புக் கூறுவது பொருந்தாது.

டாஷ்போர்டில் பேட்டரி வடிவில் எரியும் சிவப்பு விளக்கு பேட்டரியின் நலத்தைக் காட்டுவதில்லை. எஞ்சின் ஓடும்போது அது எரிந்தால், மின்னேற்றம் நின்றுவிட்டது என்பதே பொருள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி, ஓட்டம் நிற்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டும். சுமை திடீரென்று விலகும்போது ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணம் பல பத்து வோல்ட்டுகளுக்குத் தாவி, எஞ்சினை ஆளும் கணினியையே எரித்துவிடக்கூடும்.

ஐந்தாம் அளவு: நிற்கும் வண்டியின் கசிவு

பேட்டரியும் மின்னேற்றமும் நன்றாக இருந்தும் இரண்டு மூன்று நாட்கள் நின்ற வண்டி கிளம்ப மறுத்தால், மின்கசிவைத் தேட வேண்டும். கடிகாரம், அலாரம், கணினிகளின் நினைவகம் ஆகியவற்றுக்காகப் பூட்டிய காரிலும் சிறிது மின்னோட்டம் பாய்வது இயல்பே. அது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். 45 ஆம்பியர் மணி பேட்டரியை 50 மில்லி ஆம்பியர் கசிவு முழுதும் தீர்க்க 900 மணி நேரம், அதாவது ஐந்து வாரத்துக்கு மேல், ஆகும். பின்னாளில் பொருத்திய மியூசிக் சிஸ்டமோ கேமராவோ அரை ஆம்பியர் இழுத்தால் நான்கு நாட்களில் தீர்ந்துவிடும்.

எதிர்மின் கேபிளைக் கழற்றி அதற்கும் டெர்மினலுக்கும் இடையே அம்மீட்டரை இணைத்து, கதவுகளைப் பூட்டி, கணினிகள் உறங்கச் செல்லும்வரை அரைமணி நேரம் காத்திருந்தபின் அளவைக் குறிக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் 10 ஆம்பியர் வரையே தாங்கும் என்பதால் இந்த நிலையில் எஞ்சினைக் கிளப்ப முயலக் கூடாது. கசிவு மிகுதியாக இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க, எதைக் கழற்றியதும் அளவு விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் பழுது உள்ளது. எந்த ஃப்யூஸைக் கழற்றியும் கசிவு குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டையோடை ஐயுறலாம். ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிள் பொதுவாக அந்தச் சிறு ஃப்யூஸ்களின் வழியாகச் செல்லாமல் பேட்டரியோடு இணைவதால், பழுதான டையோடு வழியாக இரவெல்லாம் மின்சாரம் திரும்பிப் பாய முடியும்.

புதிய பேட்டரியைத் தேர்ந்தெடுத்தல்

இத்தனை சோதனைகளுக்குப் பின் பேட்டரிதான் குற்றவாளி என்று உறுதியானால், முதலில் பார்க்க வேண்டியது உருவமும் முனைகளின் அமைப்பும். ஜப்பானிய முறைக் குறியீடான 38பி20எல் என்பதில் 38 செயல்திறன் வரிசையையும், பி என்பது அகல உயர அளவையும், 20 என்பது சென்டிமீட்டரில் நீளத்தையும், எல் என்பது முனைகள் இடவலமாக அமைந்த முறையையும் சுட்டுகின்றன. எல் இருக்க வேண்டிய இடத்தில் ஆர் வாங்கினால் கேபிள் எட்டாது. இழுத்து மாட்ட முயல்வது துருவங்கள் மாறிப்போகும் ஆபத்தை வரவழைக்கும். சிறிய ஜப்பானிய வகைகளில் முனைகள் மெலிந்தும் ஐரோப்பிய வகைகளில் தடித்தும் இருப்பதால் அதையும் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது கொள்ளளவு. வண்டித் தயாரிப்பாளர் கூறிய ஆம்பியர் மணிக்குக் குறையக் கூடாது. இடமிருந்தால் சற்றுக் கூடுதலாக இருப்பதால் தீங்கில்லை, ஏனெனில் மின்னழுத்தம் மாறாதவரை வண்டி தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே இழுக்கும். சிசிஏ என்று அச்சிடப்படும் குளிர்நிலைத் தொடக்க ஆம்பியர், உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி குளிரில் 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல் 30 விநாடிகள் தரக்கூடிய மின்னோட்டத்தைக் குறிக்கிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அத்தகைய குளிர் வருவதே இல்லை என்பதால், பரிந்துரைக்கப்பட்ட அளவை எட்டியபின் மேலும் உயர்ந்த சிசிஏவுக்காகக் கூடுதல் பணம் தருவதில் பயன் குறைவு.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது வகை. சாதாரணத் திரவ அமில பேட்டரியில் காரீயச் சட்டகத்தோடு கால்சியம் சேர்க்கப்பட்டிருந்தால் நீரிழப்பு மிகக் குறைவு. ஆன்டிமனி சேர்த்த பழைய வகைக்கு அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். சிக்னலில் தானே நின்று தானே கிளம்பும் எஞ்சின் கொண்ட கார்களுக்கு, ஒரு நாளில் பலமுறை கிளம்பும் சுமையைத் தாங்க வலுவூட்டப்பட்ட ஈஎஃப்பி வகையோ, கண்ணாடியிழை விரிப்பு அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகையோ பொருத்தப்படுகிறது. விலை குறைவென்று அவற்றின் இடத்தில் சாதாரண பேட்டரியை வைத்தால் அது விரைவில் கெடும். சில கார்களில் புதிய பேட்டரியின் விவரத்தைக் கணினியில் பதிவுசெய்யவும் வேண்டும்.

நான்காவதாகப் பார்க்க வேண்டியது வயது. கடையில் அமர்ந்திருக்கும் பேட்டரியும் தானே மின்னிறக்கம் அடைகிறது, வெப்பமான கிடங்கில் இது இன்னும் விரைவாக நடக்கிறது. ஆகவே தயாரிப்புத் தேதியைக் கேட்டறிந்து, மீட்டரை வைத்து 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தபின்னரே பணம் செலுத்த வேண்டும். 48 மாத வாரண்டி என்பது பல வேளைகளில் 24 மாதம் இலவச மாற்றும், எஞ்சிய 24 மாதம் பயன்படுத்திய காலத்துக்கேற்பத் தேயும் தள்ளுபடியுமாகவே இருக்கும்; இலவச மாற்றுக் காலம் எவ்வளவு என்று கேட்பதே பொருளுள்ள கேள்வி.

பழைய பேட்டரியிலுள்ள காரீயம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு, குழந்தைகளுக்கு அது மேலும் கொடியது. அதே வேளையில் அதை உருக்கிப் புதிய பேட்டரிகளாக மாற்ற முடியும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்துகின்றன. ஆகவே பழையதைத் தெருவோர உருக்காலைக்குப் போகவிடாமல், புதியது வாங்கும் முறையான விற்பனையாளரிடமே ஒப்படைத்து, அதற்குரிய கழிவுத் தொகையை ரசீதில் குறிக்கச் செய்வது வாங்குபவரின் கடமை. புதிய பேட்டரியைப் பொருத்திய அன்றே ஓய்வு மின்னழுத்தம், கிளப்பும்போதைய மின்னழுத்தம், மின்னேற்ற மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் அளந்து தேதியோடு எழுதி வைத்தால், அடுத்த முறை வண்டி மக்கர் செய்யும்போது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்த எண்களே போதும்.